மொட்டைப் போன்காரர்

மொட்டைப் போன்காரர் என்பவர் தேர்தல் காலத்தில் புதுச்சேரி வீடுகளில் ஒலிக்கும் ஒரு குரல். பெயர் சொல்வதில்லை, கட்சி சொல்வதில்லை. எண் மட்டும் திரையில் தெரியும். திருப்பி அடித்தால் ஸ்விட்ச் ஆஃப். மொட்டைக் கடுதாசி எழுதியவரின் நேர் வாரிசு இவர். அந்தப் பெரியவருக்கு இடது கையால் எழுதும் சிரமம் இருந்தது, கையெழுத்து தெரிந்துவிடுமோ என்ற நடுக்கம் இருந்தது, வேறு பேட்டையில் தபால்பெட்டி தேடிப் போகும் அலைச்சல் இருந்தது. வாரிசுக்கு ஒரு மாத ரீசார்ஜ் போதும்.

இவர் அழைக்கும் நேரம் பிற்பகல் ஒன்றே முக்கால். நகரில் பல கடைகள் மதியம் ஷட்டரை இறக்கிவிட்டு மாலையில்தான் தூக்கும். சாப்பாடு முடிந்து, தெரு அடங்கி, மின்விசிறிக்கு நேர்கீழே படுத்தவருக்குக் கண் செருகும் வேளை அது. அந்தக் கணத்தைக் குறி பார்த்து மணி அடிப்பதில் இவர் தவறியதில்லை.

இவரை மற்ற தொல்லைகளிலிருந்து பிரித்துக் காட்டும் குணம் ஒன்றே. போன் செய்தவர் இவர். 'யாரு பேசறது?' என்று கேட்பவரும் இவர்தான். உரையாடல் பெரும்பாலும் இவ்வாறு அமையும்:

"ஹலோ, யாரு பேசறது?"

"உங்களுக்கு யாரு வேணும்?"

"நீங்க யாருன்னு சொன்னாதான யாரு வேணும்னு சொல்ல முடியும்?"

"போன் பண்ணது நீங்கதான, சார்?"

"அது கிடக்கட்டும். பேரு சொல்றதுக்கு இன்னா பயம்?"

இந்த இடத்தில் ஒரு செருமல் வரும். எதிர்முனையில் இருப்பவர் ஏதோ குற்றம் செய்து மாட்டிக்கொண்டவர்போல் விழித்து, தன் பெயர், அப்பா பெயர், சில வேளை வீட்டு எண்ணையும் ஒப்புவித்துவிடுவார். பிறகுதான் 'நீங்க யாரு?' என்று கேட்கத் தோன்றும். அதற்குள் அழைத்தவர் அடுத்த கேள்விக்குப் போயிருப்பார்.

பெயர் தெரியாமல் கேட்கிறார் என்று நினைப்பது பிழை. வாக்காளர் பட்டியல் அவர் மடியில் இருக்கிறது. "வீட்டுல நாலு ஓட்டு. பெரியவருக்கு எழுபத்தெட்டு. ஒரு ஓட்டு பெங்களூர்ல இருக்குது, எலக்ஷனுக்கு வந்துடுமா?" என்பதெல்லாம் சற்று நேரத்தில் அவர் வாயிலிருந்தே வரும். வாக்குச்சாவடி எந்தப் பள்ளிக்கூடம், எத்தனையாவது அறை என்பதும் அத்துப்படி. பிரெஞ்சுப் படையில் இருந்து பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கிய சொல்தா வீட்டையும் விட்டுவைப்பதில்லை. "எங்க ஓட்டு பாரீஸ் எலக்ஷனுக்குத்தான், தம்பி" என்று அங்கே பதில் வந்தால், "சரி, யாரு பேசறது?" என்று முதலிலிருந்து தொடங்குவார்.

எல்லாம் தெரிந்தும் ஏன் கேட்கிறார் என்பதற்கு மூன்று விளக்கங்கள் உண்டு. பட்டியலைச் சரிபார்க்கிறார் என்பது முதலாவது. எதிராளியை முதலிலேயே தற்காப்பில் நிறுத்தும் தந்திரம் என்பது இரண்டாவது. மூன்றாவதைச் சொல்பவர்கள் அவரை நேரில் அறிந்தவர்கள்: முப்பது வருடம் கவுன்ட்டருக்கு உட்பக்கம் உட்கார்ந்து, வெளிப்பக்கம் நிற்பவரிடம் நிமிர்ந்து பாராமல் 'பேரு?' என்று கேட்டே ஓய்வுபெற்றவர். கவுன்ட்டர் போய்விட்டது, கேள்வி மட்டும் தங்கிவிட்டது. இம்மூன்றில் கடைசி விளக்கமே பொருத்தமானது.

இவர் நேரடியாக ஓட்டுக் கேட்பதில்லை. 'சர்வே எடுக்கிறோம்' என்று தொடங்கி, "உங்க வேட்பாளரைப் பத்தி ஊர்ல ஒண்ணு பேசிக்கிறாங்களே, அது தெரிஞ்சும் அவருக்கே போடுவீங்களா?" என்று முடிப்பார். கேள்வியின் வாலில் வதந்தி கட்டியிருக்கும். எந்திரக் குரலில் வரும் 'வணக்கம், நான் உங்கள்…' அழைப்புகள் வேறு இனம். அவற்றோடு வீட்டுப் பாட்டிகள் "நல்லா இருக்கியா கண்ணு" என்று பேசிக்கொண்டிருப்பார்கள். அதில் யாருக்கும் நட்டமில்லை.

இவருடைய தொழிலுக்குப் புதுச்சேரி ஏற்ற ஊரும் அல்ல. யூனியன் பிரதேசத்தின் 30 தொகுதிகளுக்கும் சேர்த்து 2021இல் சுமார் 10 லட்சம் வாக்காளர்கள். ஒரு தொகுதிக்குச் சராசரியாக 33 ஆயிரம் பேர். தமிழ்நாட்டுத் தொகுதி ஒன்றுக்குள் இப்படி ஏழெட்டைப் போட்டு மூடலாம். நகரத்துத் தொகுதி என்றால் சில தெருக்கள், ஒரு கோயில், ஒரு ரேஷன் கடை. பெயரை மறைத்தவரால் சுற்றுப்புறத்தை மறைக்க முடிவதில்லை. முதலியார்பேட்டையில் ஒரு மதியம் இவர் பேசிக்கொண்டிருக்கும்போது ரயில் ஊதியது. போனில் ஒருமுறை, ஜன்னல் வழியாக ஒருமுறை, இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகக் கேட்டன. கூடவே பின்னணியில் ஊஞ்சல் கிறீச்சிட்டது, ஒரு பெண் குரல், "கீரைக்காரி வந்துட்டா, முருங்கை வாங்கவா, அரைக்கீரை வாங்கவா?" என்று கேட்டது. அதே கீரைக்காரி அப்போது போனைப் பிடித்திருந்தவர் வீட்டு வாசலையும் தாண்டிக்கொண்டிருந்தாள்.

விவரங்கள் இவர் கைக்கு எப்படி வருகின்றன என்ற கேள்வி நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 2021 சட்டமன்றத் தேர்தலுக்கு முன் புதுச்சேரி வாக்காளர்கள் பலருக்கு, பா.ஜ.க. பெயரிலான வாட்ஸ்அப் குழுக்களில் சேரும்படி குறுஞ்செய்திகள் வந்தன. ஆதாரோடு இணைத்த எண்களுக்கு மட்டுமே அவை வந்ததாகக் குற்றம் சாட்டி, இந்திய ஜனநாயக வாலிபர் சங்கத்தின் புதுச்சேரித் தலைவர் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். தொண்டர்கள் வீடு வீடாகச் சென்று எண்களைத் திரட்டினார்கள் என்றது கட்சி. தலைமை நீதிபதி சஞ்ஜிப் பானர்ஜி தலைமையிலான அமர்வு, குற்றச்சாட்டில் நம்பத்தக்க விஷயம் இருப்பதாகக் கருதி, ஆதார் ஆணையம் இதை விசாரித்துப் பதில் சொல்ல வேண்டும் என்றது. ஏப்ரல் 6ஆம் தேதி வாக்குப்பதிவு நடந்து முடிந்தது. மொத்தமாக அனுப்பும் குறுஞ்செய்திக்கும் குரல் அழைப்புக்கும் தேர்தல் ஆணையத்தின் ஊடகச் சான்றளிப்புக் குழுவிடம் முன்னனுமதி வாங்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. ஊஞ்சலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அடிப்பவரை எந்தக் குழு பிடிக்கும்?

அழைப்பவர் பெயரைத் திரையிலேயே காட்டிவிடலாம் என்பது ஒரு தீர்வு. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 பிப்ரவரியில் இதைப் பரிந்துரைத்தது. சிம் வாங்கும்போது படிவத்தில் கொடுத்த பெயர், அழைப்பு வரும்போது தெரியும். பெயரைப் பார்க்க வேண்டாதவர் மறுத்துக்கொள்ளலாம். எண்ணையே மறைக்கும் சலுகை பெற்றவர்களின் பெயர் தெரியாது. இதில் இந்தியக் குடும்பங்களுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு: யார் சிம் யார் பெயரில் இருக்கிறது என்பது வீட்டுக்குள்ளேயே தகராறு. மருமகன் சிம் மாமனார் பெயரில், பேத்தியின் சிம் பாட்டி பெயரில். மொட்டைப் போன்காரர் அழைத்தால் திரையில் அவர் மனைவியின் பெயர் வரக்கூடும். எண்ணையே போலியாகக் காட்டவும் முடியும். 2024 ஜனவரியில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில், அதிபர் பைடனின் குரலைச் செயற்கையாகச் செய்து, முதல்நிலைத் தேர்தலில் ஓட்டுப் போட வேண்டாம் என்று சொன்ன அழைப்புகள் இன்னொருவர் எண்ணிலிருந்து வந்ததுபோல் காட்டின. ஏவியவருக்கு 60 லட்சம் டாலர் அபராதம் விதிக்கப்பட்டது.

பெயரை மறைக்க நியாயமான தேவை உள்ளவர்களும் இருக்கிறார்கள். அடிக்குப் பயந்து புருஷன் வீட்டை விட்டு வந்தவள், தெருவில் கள்ளச்சாராயம் விற்பதைத் தகவல் சொல்பவர், மேலதிகாரியின் ஊழலைச் சொல்லும் கடைநிலை ஊழியர். பெயர் வெளியே வந்தால் இவர்களுக்கு வலிக்கும். மொட்டைப் போன்காரருக்கு எங்கே வலிக்கும்? அடுத்த தெருவின் எழுபத்தெட்டு வயதுக்காரரிடமிருந்து அவர் ஒளிய வேண்டிய அவசியம் என்ன? அந்தப் பெரியவரின் வயது, கதவு எண், பெங்களூர் பேரன் எல்லாம் இவர் கையில். இவரைப் பற்றி ஒரு எழுத்து அவர் கையில் இல்லை. இது கேட்பாரில்லாத அநியாயம். பேச வந்தவர் முதலில் பெயர் சொல்ல வேண்டும். வாசலில் வந்து நிற்கும் கீரைக்காரி அதைச் செய்கிறாள்.

மருந்துகள் சில உண்டு. வியாபார அழைப்பானால் 1909. மோசடி என்று சந்தேகம் வந்தால் சஞ்சார் சாத்தி தளத்தின் சக்ஷு பிரிவு. பெயரை மறைத்து மிரட்டினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 351ஆம் பிரிவு கூடுதலாக இரண்டு ஆண்டுவரை சிறை சொல்கிறது. இவர் மிரட்டுவதில்லை என்பதால் இது பயன்படாது. கைவைத்தியம்தான் கேட்கும். முதலியார்பேட்டை வீட்டுப் பெண் மறுமுறை 'யாரு பேசறது?' வந்ததும், "மாமா, அன்னைக்கு எந்தக் கீரைதான் வாங்குனீங்க?" என்று கேட்டாள். நீண்ட மௌனம். ஊஞ்சலும் நின்றது. லைன் துண்டிக்கப்பட்டது. நான்கு நாள் அழைப்பு வரவில்லை. ஐந்தாம் நாள் வேறொரு எண்ணிலிருந்து, சற்றே மூக்கடைத்த குரலில் வந்தது.

வாக்குப்பதிவோடு இவருடைய பருவம் முடிகிறது. அன்று காலை ஏழு மணிக்கே வெள்ளை வேட்டியில் வரிசையின் முன்னால் நிற்பார். முதல் வாக்குப்பதிவு அலுவலர், கட்சி முகவர்கள் குறித்துக்கொள்வதற்காக, வாக்காளரின் வரிசை எண்ணையும் பெயரையும் உரக்கப் படிப்பது நடைமுறை. அவர் பெயரும் தந்தை பெயரோடு, வராந்தா வரை கேட்கும்படி படிக்கப்படுகிறது. வரிசையில் நாலைந்து தலைகள் திரும்புகின்றன. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மை வைக்க விரலை நீட்டுகிறார்.