பதினேழு பல்லுக்கு வந்த பாடு

(பொகவந்தலாவை டவுன், தேத்தண்ணிக் கடை வாசல். பெஞ்சில் இருப்பவர் ஒரு தோட்டத்தில் தப்பால்காரராக இருந்து ஓய்ந்தவர். தோட்ட ஆபீசுக்கும் தபால் கந்தோருக்கும் நடுவே பை சுமந்தே முதுகு வளைந்தவர். ஹட்டன் பஸ்ஸின் பின்கதவு வழியாக ஒரு சைக்கிளைக் குழந்தையைப் போல இறக்குகிறவன் அதே தோட்டத்துப் பையன். இப்போது கொழும்பில் ஒரு கடையில் வேலை.)

தாத்தா: என்னா தம்பி, சைக்கிள் பஸ்ஸுல வருது?

தம்பி: அதுக்கும் சேத்து ரெண்டு டிக்கட் எடுத்தேன் தாத்தா. இது மேட்டுல ஏற செஞ்ச வண்டி இல்ல.

தாத்தா: அப்ப மலைநாட்டுக்கு எதுக்குடா கொண்டாந்த?

தம்பி: காட்டத்தான்.

தாத்தா: (எழுந்து வந்து, சைக்கிளைச் சுற்றிப் பார்த்து) அடப் பாவி, கொழும்புல கள்ளனுங்க நல்லாத்தான் கை வச்சிருக்கானுங்க. மட்கார்ட காணோம், பெல்ல காணோம், ஸ்டாண்டு, கேரியர் ஒண்ணையும் காணோம். பொலிசுல சொன்னியா?

தம்பி: நானே கழட்டினது தாத்தா.

தாத்தா: பிரேக்கு?

தம்பி: அத பூட்டவே இல்ல.

தாத்தா: சரி. எத்தனை பேர் ஆச்சு?

(வெளியூர் வாசகருக்கு ஒரு வார்த்தை: தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். எந்தப் பொருளின் விலையும் கடைசியில் பேரில்தான் வந்து நிற்கும்.)

தம்பி: ஒண்ணே முக்கால் லட்சம்.

தாத்தா: (விரல் மடக்கி) 2024-ல வந்த நாட்கூலி 1350ன்னு வச்சா நூத்தி முப்பது பேர். உங்கம்மா அஞ்சு மாசம் ஒரு நாள் விடாம கொழுந்தெடுத்தா பிரேக் இல்லாத சைக்கிள் ஒண்ணு. பிரேக்கோட வேணும்னா இன்னும் எவ்வளவு?

தம்பி: பிரேக் போட்டா மதிப்புக் கொறையும் தாத்தா.

தாத்தா: நல்லாருக்கு. அப்ப எப்பிடி நிப்பாட்டுவ? நேந்துக்கிட்டா?

தம்பி: காலால. இதுல ப்ரீவீல் கிடையாது. பின்னால இருக்கற பல்லு ஹப்புல நேரா திருகியிருக்கு. அது கழண்டு வராம எதிர்ப்பக்கமா திருகின லொக் ரிங் ஒண்ணு. சக்கரம் சுத்தினா பெடலும் சுத்தியே ஆகணும். பெடலை இறுக்கிப் பிடிச்சா சக்கரம் நிக்கும்.

தாத்தா: அப்ப எறக்கத்துல காலைச் சும்மா வச்சிட்டு வர ஏலாது?

தம்பி: ஏலாது. அதுதான் இதோட ருசி.

தாத்தா: ஏத்தத்துலயும் மிதி, எறக்கத்துலயும் மிதி. மெதுவா பேசு தம்பி. தோட்டத்துத் தொரை காதுல விழுந்தா நாளைக்குக் காலையில வேல பிரிக்கற பெரட்டுலயே சட்டமாக்கிருவாரு.

தம்பி: கணக்கு கேளுங்க. முன்னால 48 பல்லு, பின்னால 16. பெடல் ஒரு சுத்துக்கு வண்டி ஆறே கால் மீட்டருக்குக் கொஞ்சம் மேல போகும். எறக்கத்துல மணிக்கு 40 கிலோமீட்டர்ல வந்தா கால் நிமிசத்துக்கு 106 தரம் சுத்தும்.

தாத்தா: தையல் மெசினா அது? ஏத்தத்துல?

தம்பி: நடக்கற வேகத்துல ஏறினா நிமிசத்துக்குப் பதிமூணு.

தாத்தா: ஒவ்வொரு மிதிக்கும் ஒரு முருகா சொல்லலாம். கதிர்காமம் போற மாதிரி. என் வண்டியைப் பாத்திருக்கியா நீ? ராலி! பெரிய கிளாக்கர் ஐயா மாத்தலாகிப் போறப்ப எனக்கு வித்துட்டுப் போனது. முன் சக்கரத்துக்கு 32 கம்பி, பின் சக்கரத்துக்கு 40 கம்பி. கம்பிக்குக் கம்பி கலர் மணி. ரெண்டு ஹப்புலயும் கலர் பிரஷ் வளையம், சக்கரம் சுத்தச் சுத்த ஹப்பு தானா பளபளக்கும். டைனமோ லைட்டு, ரெண்டு கண்ணாடி, ஹேண்டில் ரெண்டு பக்கமும் குஞ்சம், மட்கார்டுல ஓம் முருகா. தேர்த் திருவிழாவுல சாமிக்குப் பெறகு சனம் பாத்தது என் வண்டியத்தான்.

தம்பி: அது ரொம்ப ஓவர் தாத்தா. கண்ணு எங்க நிக்கும்? பிரேமோட கோடு தெரியணும், அதுதான் அழகு.

தாத்தா: நாங்க இல்லாதத வாங்கிப் பூட்டிக் காட்டினோம். நீங்க இருக்கறதக் கழட்டிக் காட்டுறீங்க. ரெண்டுக்கும் சைக்கிள் பழுது பாக்கற பாஸ்கிட்ட கூலி ஒண்ணுதான்.

தம்பி: அந்த ராலியில தப்பால் கொண்டு போனீங்களா?

தாத்தா: சீ, தப்பாலுக்கு நடைதான். மழையில ராலிய நனைப்பாங்களா? ஞாயித்துக்கெழமை டவுனுக்குத் தள்ளிக்கிட்டு வருவேன்.

தம்பி: தள்ளிக்கிட்டா?

தாத்தா: ஓட்டிட்டுப் போனா யாரு என்னாத்தப் பாப்பாங்க? பெட்ரோல் இல்லாத 2022-ல நீ வந்திருக்கணும். நடுவுல ஒரு பய திரும்பிப் பாக்காமப் போன ராலிக்கு வாசல்ல ஆள் நின்னாங்க. குடுக்கலையே நான்.

தம்பி: நானும் அந்த வருசம்தான் தாத்தா தொடங்கினேன். பெட்ரோல் கியூவுல மோட்டார் சைக்கிளோட நின்னு நின்னு வெறுத்துப் போச்சு. சைக்கிள் வெலையும் ஏறிப்போய்க் கெடந்திச்சு. ஒரு பழைய லுமாலா சைக்கிள வாங்கி, உரிச்சு...

தாத்தா: உரிச்சு, ருசி கண்டுட்ட. அது கெடக்கட்டும், தோள்ல என்னா பை?

தம்பி: மெசெஞ்சர் பேக். நியூயோர்க்ல ஆபீசுக்கு ஆபீஸ் கடிதம், பார்சல் கொண்டு போறவங்களோட பை. இந்த மாதிரி வண்டியத் தெருவுக்குக் கொண்டாந்ததே அவங்கதான். கியர் இல்ல, கேபிள் இல்ல, பழுதாக சாமானே இல்ல. அவங்களப் பாத்து மத்த ஊர் இளவட்டமும் ஓட்ட ஆரம்பிச்சிச்சு.

தாத்தா: கடிதம் கொண்டு போறவனா?

தம்பி: ஆமா.

தாத்தா: அப்ப இது நியூயோர்க் தப்பால்காரன் வேசம்! அடேய், ஆயுசு பூரா இந்த ஊர்ல பை சுமந்தவன் நான். என்னப் பாத்து ஒரு பய அதே மாதிரி பை தைச்சானா? சாக்குத்துணின்னு சிரிச்சானுங்க.

தம்பி: இப்ப சாக்குத்துணிக்கும் கிராக்கிதான் தாத்தா.

தாத்தா: என்னுது எலி தின்னுருச்சு.

தம்பி: வேசம்னு சொல்லாதீங்க. இதுக்கு வரலாறு இருக்கு. ஜப்பான்ல 1948-ல கொக்குராங்கற ஊர்ல கெய்ரின்னு பந்தயம் தொடங்கினாங்க. பிரேக் இல்ல, கியர் இல்ல, இரும்பு பிரேம், அச்சா இதே மாதிரி வண்டி. சனங்க காசு கட்டிப் பாப்பாங்க.

தாத்தா: நுவரெலியா குதிரைப் பந்தயம் மாதிரி?

தம்பி: அதே மாதிரி.

தாத்தா: அப்ப குதிரை எடத்துல நீ.

தம்பி: (கேட்காதது போல) பிரான்ஸ்ல நடக்கற பெரிய சைக்கிள் பந்தயத்துல 1937 வரைக்கும் கியர் மாத்தற சாமானுக்கே அனுமதி இல்ல. மலை வந்தா எறங்கி, பின் சக்கரத்தக் கழட்டித் திருப்பிப் போட்டுக்கிட்டு ஏறினாங்க. அதே பந்தயத்துல 1913-ல கிறிஸ்தோப்னு ஒருத்தர். மலை எறக்கத்துல முன் போர்க் முறிஞ்சு போச்சு. சைக்கிளத் தூக்கிக்கிட்டு பத்துக் கிலோமீட்டருக்கு மேல நடந்து ஒரு கிராமத்துக்குப் போனாரு. அங்க கொல்லன் பட்டறையில தானே இரும்பக் காய்ச்சி அடிச்சுப் பொருத்தினாரு. அடுத்தவன் கை படக்கூடாதுன்னு சட்டம். பந்தய அதிகாரிங்க பக்கத்துலயே நின்னு பாத்தாங்க.

தாத்தா: (முதல் முறையாக நிமிர்ந்து உட்கார்ந்து) ஆம்பள! பெறகு?

தம்பி: துருத்தி ஊத ஒரு சின்னப் பையன் ஒத்தாசை பண்ணினான். அதுக்குப் பத்து நிமிசம் அபராதம் போட்டுட்டாங்க.

தாத்தா: அரைப் பேர் வெட்டிட்டானுங்களா! பாத்தியா? நாள் பூரா மழையில கொழுந்து எடுத்துட்டு வந்து தராசுல வச்சா, ரெண்டு கிலோ கொறையுதுன்னு அரைப் பேர் போடுற கணக்கப்புள்ள அங்கயும் இருந்திருக்கான். அந்த ஆளு சங்கத்துல சொல்லலையா?

தம்பி: பெறகு கொஞ்சம் கொறைச்சாங்க தாத்தா.

தாத்தா: கொறைப்பானுங்க, கொறைப்பானுங்க. நாட்கூலி ஆயிரம் ரூபா கேக்க ஆரம்பிச்சது 2015, வர்த்தமானியில வந்தது 2021. அதுக்குள்ள அரிசி வெல எங்கயோ போயிருச்சு. (குனிந்து பின் டயரைத் தடவி) தம்பி, இந்த டயருக்கு என்னா வியாதி? சுத்திவர புதுசா இருக்கு, ஒரே ஒரு எடத்துல மட்டும் வழுக்க விழுந்திருக்கே.

தம்பி: (குரல் தாழ்ந்து) கண்டுபிடிச்சிட்டீங்களா? அதுதான் 48க்கு 16 செய்யற வேல. சரியா மூணு மடங்கு. ஒரே காலை முன்னால வச்சுப் பெடலை இறுக்கினா, ஒவ்வொரு தரமும் டயரோட அதே எடம்தான் ரோட்டுல தேயும். பின்னால 17 பல்லு போட்டா தேய்மானம் பதினேழு எடத்துக்குப் பிரிஞ்சு போகும்.

தாத்தா: அப்ப பதினேழு போட வேண்டியதுதானே? ஒரு பல்லுக்கு என்னா கஞ்சத்தனம்?

தம்பி: ஓடர் பண்ணினேன் தாத்தா. ஜப்பான் சாமான். நான் இருக்கற போர்டிங்ல பார்சல் வாங்க ஆளில்ல, அதால அம்மா கைக்குக் கெடைக்கட்டும்னு வீட்டு முகவரி குடுத்தேன். வரவே இல்ல.

தாத்தா: என்னா முகவரி போட்ட?

தம்பி: என் பேர், தோட்டத்துப் பேர், பொகவந்தலாவை.

தாத்தா: லயம்? காம்பரா? ரோட்டுப் பேரு, வீட்டு நம்பரு?

தம்பி: அதெல்லாம் எங்க தாத்தா இருக்கு நமக்கு?

தாத்தா: இல்லதானே? உன் பேர்ல தோட்டத்துல எத்தன பேர்னு தெரியுமா? மேக்கணக்கு டிவிசன்ல ரெண்டு, கீழ்க்கணக்கு டிவிசன்ல மூணு. எல்லாருக்கும் வர்ற கடிதம் மொத்தமா தோட்ட ஆபீஸ் மேசையில வந்து விழும். என் காலத்துல மொகத்தப் பாத்து, அப்பன் பேரக் கேட்டு, கையெழுத்துல ஊரக் கண்டுபிடிச்சு குடுப்பேன். அப்பிடியும் இண்டர்வியூவுக்கு வரச் சொன்ன கடிதம் இண்டர்வியூ முடிஞ்சு வந்திருக்கு. அடகு நகை ஏலத்துக்குப் போன பெறகு நோட்டீசு வந்திருக்கு. இவரு பல்லு வரலன்னு கண்ணக் கசக்கிறாரு.

தம்பி: அது எங்கயோ தொலைஞ்சிருச்சு, விடுங்க.

தாத்தா: தொலையல. உள்ளங்கை அளவு இரும்பு, வட்டமா, நடுவுல திருகு ஓட்டை?

தம்பி: ஆமா!

தாத்தா: ஓரத்துல இங்கிலீசுல ஏதோ வெட்டியிருக்கும்?

தம்பி: ஜப்பான்னு இருக்கும்! எங்க பாத்தீங்க?

தாத்தா: போன கெழம கீழ்க்கணக்குக்குக் கருமாதிக்குப் போயிருந்தேன். உன் பேர்க்காரன் வீட்டுல, சாமி படத்துக்கு முன்னால, அகல் வெளக்குக்கு அடியில இருக்கு. வெளக்கு ஆடாம அசையாம அம்சமா உக்காந்திருக்கு. அந்த எழுத்து மேல குங்குமம் வேற. நான் சும்மா இருக்கற கெழவன்தானே, பல்ல எண்ணினேன். பதினேழு.

தம்பி: ஐயோ! அதுக்கே பதினெட்டாயிரம் தாத்தா!

தாத்தா: பதிமூணு பேர். அதான் வெளக்கு அப்பிடி எரியுது.

தம்பி: கேட்டா குடுப்பாங்களா?

தாத்தா: சாமிகிட்ட இருக்கறத வெறுங்கையோட போயிக் கேக்க ஏலுமா? அந்தப் பதினாறு பல்லக் கழட்டி, நல்லா கழுவி எடுத்துக்கிட்டு வா. பல்லு எத்தனைன்னு அந்த வீட்டுல யாரும் எண்ண மாட்டாங்க. நானும் வாறேன்... இரு, ராலிய எடுத்துட்டு வாறேன். தள்ளிக்கிட்டே போவோம்.