மூன்று நிமிட ஆகாய மார்க்கம்

கடலூர் – சிதம்பரம், நேர்கோட்டில் சுமார் 40 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தால் 3 நிமிடம் என்கிறது இணையம். என்ன அக்கறை! ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று பஸ்ஸில் குலுங்கி, மீதிச் சில்லறைக்காகக் கண்டக்டர் முகத்தையே பார்த்துக்கொண்டு போகிறவர்களுக்கு இனி விடிவுகாலம்தான். பெல்ட்டை மாட்டியதும் கழற்றிவிடலாம். பணிப்பெண் முறுக்குப் பொட்டலத்தைப் பிரிப்பதற்குள் நடராஜர் கோயில் கோபுரங்கள் பின்னால் போயிருக்கும். விமானி சீர்காழியில் வளைத்துத் திருப்பிக்கொண்டு வருவார்.

ஏறுவதற்குக் கடலூரில் விமான நிலையம் இல்லை என்பது அற்ப விஷயம். வடக்கே புதுச்சேரிக்குப் போய் ஏறலாம், விமானம் பெங்களூரு போனாலும் பரவாயில்லை. இறங்குவதற்கு? சிதம்பரம் ஆகாயத் தலமாயிற்றே! திரையை விலக்கிப் பாருங்கள், ஓடுபாதை அங்கேதான் இருக்கிறது.