விசமிகள்

ஆடி பிறந்துவிட்டால் எங்கள் பத்திரிகைகளில் ஒரு கூட்டத்தார் தலை காட்டத் தொடங்குவார்கள். அவர்களுக்குப் பெயர் கிடையாது, முகம் கிடையாது, தகப்பன் பெயரும் கிடையாது. "விசமிகள் வைத்த தீயில் வடலிகள் நாசம்" என்று நாலு வரி. கூடவே ஒரு படம்: கரிந்த வடலிகள், பக்கத்தில் இடுப்பில் கைவைத்தபடி நாலு பேர். அடுத்த நாள் அந்தப் பக்கத்தில் வடை சுற்றிக் கொடுப்பார்கள்.

இந்த மண்ணில் முன்பு 'இனந்தெரியாதோர்' இருந்தார்கள். சுட்டுவிட்டுப் போனவர்களும் வெள்ளை வானில் ஏற்றிப் போனவர்களும் அவர்களே. யாரென்று ஊருக்குத் தெரியும். சொன்னால் உயிர் போகும் என்பதால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டோம், அதை மன்னிக்கலாம். விசமியின் பெயரைச் சொன்னால் என்ன போகும்? ஒரு கலியாண வீட்டு அழைப்புப் போகும். காணித் தரகர் தெருவில் கண்டால் முகத்தைத் திருப்புவார். அவ்வளவுக்கே வாயை மூடிக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் ஊரான அளவெட்டியில் காடு இல்லை. செம்மண் தோட்டம், கிணறு, கோயில், தவில், நாதஸ்வரம். ஈழத்துக் கவிஞர் 'மகாகவி' பிறந்த ஊர், நாதஸ்வரக் கலைஞர் என்.கே. பத்மநாதனின் ஊர் என்று மேடைக்கு மேடை சொல்லி மாலை வாங்குவோம். காடு என்று கணக்குக் காட்ட எங்களிடம் இருப்பவை ஆளில்லாத வளவுகள்தான். 1990 இல் போரால் வலிகாமம் வடக்கே இடம்பெயர்ந்தது. திரும்பி வந்தவர்கள் உண்டு. கனடா, லண்டன், சுவிஸ் என்று போனவர்களும் உண்டு. காணி எங்கேயும் போகவில்லை. பனம்பழம் விழுந்தது, கொட்டை முளைத்தது, வடலியானது. இடையில் கினிப்புல் ஆளுயரத்துக்கு.

அப்படி ஒரு வளவு எங்கள் ஒழுங்கையிலும் இருந்தது. ஒரு மத்தியானம், சோழகக் காற்று சுழற்றி அடித்துக்கொண்டிருந்த நேரம், முதலில் மணம் வந்தது, பிறகு சீனவெடி போலச் சடசடவென்று சத்தம். நான் படலையடிக்கு ஓடியபோது தீ புல்லோடு புல்லாக நிலத்தில் தவழ்ந்து வந்துகொண்டிருந்தது. ஒரு வடலியின் அடிக்கு வந்து சற்றுத் தயங்கியது. பிறகு தொங்கிக்கொண்டிருந்த காவோலையைப் பிடித்து, ஒரே மூச்சில் தலைக்கு ஏறிவிட்டது. எரிந்த ஓலைத் துண்டுகள் காற்றில் எழும்பி அடுத்த வீட்டு மாட்டுக் கொட்டிலை நோக்கிப் பறந்தன. அயலட்டை எல்லாம் வாளியோடும் பச்சை வேப்பங்கொப்போடும் நின்று அடித்தோம். நகரத்திலிருந்து தண்ணீர் வண்டி வந்து சேர்ந்தபோது, கழுவுவதற்கு எங்கள் முகத்தில் இருந்த கரிதான் மிச்சம். வண்டிக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். பாதி யாழ்ப்பாணத்தைக் கடந்து வந்த மனிதர், இருபுறமும் மதில் எழும்பிய ஒழுங்கைக்குள் வண்டியைத் திருப்ப இடமில்லாமல் அரைமணி நேரம் பின்னுக்கும் முன்னுக்கும் உருட்டிக்கொண்டிருந்தார்.

நிலத்துத் தீ மரத்தின் தலைக்கு ஏற ஏணி ஒன்று வேண்டும். காட்டுத்தீயைப் படித்தவர்கள் அதை 'ஏணி எரிபொருள்' என்கிறார்கள்; தாழத் தொங்கும் காய்ந்த கிளை, இலை, கொடி. ஏணியை எடுத்துவிட்டால் தீ நிலத்திலேயே ஓடி அடங்கும். கலிபோர்னியாவில் கொட்டிக் கொடுத்துச் செய்யும் இந்த வேலையை எங்கள் ஆச்சிமார் ஒரு சதம் வாங்காமல் செய்தார்கள். பச்சை ஓலை வேலிக்கும் கூரைக்கும் மாட்டுக்கும் போனது. மிஞ்சியதைத் தோட்டத்து மண்ணில் புதைத்தார்கள். காவோலை, பன்னாடை, கங்குமட்டை, ஊமல் எல்லாம் அடுப்புக்கு. தீ வந்திருந்தால் தின்ன ஒன்றும் கிடைக்காமல் பட்டினியோடு திரும்பிப் போயிருக்கும். இன்றைக்கு வேலி மதிலாகிவிட்டது, கூரை சீற்றாகிவிட்டது, அடுப்பு காஸ், பசளை உரப்பையில் வருகிறது. காவோலை விழக் குருத்தோலை சிரிக்கும் என்றார்கள். இப்போது காவோலையை விழுத்த ஆளில்லை. அது அப்படியே தொங்கிக்கொண்டு நிற்கிறது, தீ வரும்போது சிரித்த குருத்தையும் கூட்டிக்கொண்டு போகிறது.

ஹவாய்த் தீவுகளின் லஹைனாவில் 2023 ஓகஸ்டில் ஒரு நகரமே எரிந்து நூறு பேரளவில் இறந்தார்கள். கரும்புக் கம்பனிகள் கைவிட்டுப்போன நிலங்களில் கேட்பாரில்லாமல் வளர்ந்து காய்ந்த புல்தான் அங்கே தீக்குப் பாய் விரித்தது. அதில் கினிப்புல்லும் ஒன்று. எங்கள் ஆளில்லாத வளவுகளிலும் அதே புல்தான் நிற்கிறது.

தீயைப் பற்றிப் பனைக்கு இருக்கிற அறிவு எங்களுக்கு இல்லை. கொட்டை முளைக்கும்போது முளையை அது வானத்துக்கு அனுப்பாது. மண்ணுக்குள் ஆழ இறக்கிவிடும். நாங்கள் கிழங்கு என்று அவித்துத் தின்கிறோமே, அதற்குள் குருத்து பத்திரமாக இருக்கும். மேலே புல் எரிந்துபோனாலும் கீழிருந்து திரும்ப ஓலை வரும். வளர்ந்த பனையும் இலேசில் சாகாது. வேம்பு, மா போலப் பட்டைக்கு அடியில் மெல்லிய வளர்படை ஒன்றை நம்பி அது வாழவில்லை. நார் தண்டு முழுக்கப் பரந்து கிடப்பதால் அடி கரிந்தாலும் உச்சி பச்சையாக நிற்கும். அகப்படுவது நடுவில் நிற்கும் வடலி. குருத்து மண்ணைவிட்டு வெளியே வந்துவிட்டது, தப்ப உயரம் போதாது, இடுப்பைச் சுற்றிக் காவோலை. பனைக்கு இருப்பது ஒரேயொரு குருத்து. அது வெந்தால் கதை முடிந்தது. ஆக, வருடா வருடம் எரிகிற வளவில் கிழட்டுப் பனைகள் மிஞ்சும், மண்ணுக்குள் குழந்தைகள் மிஞ்சும், இடையில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். எங்கள் ஊர் மாதிரி.

பனை தறிக்க அனுமதி வேண்டும். விண்ணப்பம், விதானையார், கையொப்பம், காரணம் என்று நடக்க வேண்டும். நல்ல சட்டம். ஆனால் அது கோடரிக்கு எழுதிய சட்டம். நெருப்புப் பெட்டிக்கு அனுமதிப்பத்திரம் தேவையில்லை. எரிந்தபின் வடலிகள் பட்ட மரங்கள். பட்ட மரத்துக்காக யார் கச்சேரி வரைக்கும் நடப்பார்கள்? ஜே.சி.பி. ஒரு நாளில் வழித்துவிடும்.

இதற்கிடையில் மாரி தொடங்கும். பனம்விதை நடுகை விழாக்களும் தொடங்கும். பதாகை, மங்கல விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, நன்றியுரை. பிரமுகர் குனிந்து ஒரு கொட்டையைப் புதைக்கப் பத்துக் கைபேசிகள் படம் பிடிக்கும். தானாக முளைத்துப் பத்து வருடம் வளர்ந்த வடலி ஆடியில் எரியும்போது இந்தப் பத்தில் ஒரு கைபேசியாவது அந்தப் பக்கம் திரும்பினால் போதும். திரும்பாது. வடலிக்கு நன்றியுரை சொல்லத் தெரியாது.

எங்கள் ஒழுங்கையில் எரிந்த வளவின் காணிக்காரர் ரொறன்ரோவில் இருக்கிறார். எனக்குத் தூரத்துச் சொந்தம், நல்ல மனிதர், கோயில் திருவிழாவுக்குத் தவறாமல் காசு அனுப்புகிறவர். கனடாவில் 2023 இல் சுமார் ஒன்றரைக் கோடி ஹெக்டேயர் காடு எரிந்தது. அந்த ஆனியில் ரொறன்ரோவைப் புகை மூடியபோது முகக்கவசம் போட்ட படம் அனுப்பி, "தம்பி, மூச்சு விடேலாமக் கிடக்கு. உலகம் அழியப் போகுது" என்று எழுதியிருந்தார். அவருடைய வளவு எரிந்த அன்று இரவு நான் அழைத்தேன்.

"அண்ணை, உங்கட வளவு முழுக்க எரிஞ்சு போச்சு."

"ஐயோ... வீட்டுப் பக்கம் வரேல்லைத்தானே?"

"இல்லை. வடலி முழுக்கப் போச்சு."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "சரி விடு தம்பி. எப்பிடியும் துப்புரவாக்கத்தானே வேணும். ஜே.சி.பி.க்குக் குடுக்கிற காசில பாதி மிச்சம்" என்றார்.

அவர் தீ வைக்கச் சொன்னார் என்று நான் எழுதவில்லை. அவருக்குத் துக்கம் வரவில்லை என்றுதான் எழுதுகிறேன்.

மற்ற இடங்களில் பிணம் விழுந்தால்தான் கணக்கு எடுப்பார்கள். 2018 மார்ச் 11 இல் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் நடைப்பயணம் போனவர்களைக் காய்ந்த புல்லில் ஏறிய தீ வளைத்தது. இருபதுக்கு மேற்பட்ட உயிர்கள் போன பிறகுதான் மலையேற்ற விதிகளைத் தூசு தட்டினார்கள். எங்கள் வடலிக்குள் ஆள் இறக்கவில்லை. இறந்தவை ஆமை, கீரி, உடும்பு, பறவைக் குஞ்சுகள். அவற்றுக்கு மரண விசாரணை கிடையாது.

ஒன்று மட்டும் என் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. 1981 இல் யாழ்ப்பாண நூலகத்துக்குத் தீ வைத்தார்கள். 97,000 க்கும் அதிகமான நூல்களோடு ஓலைச்சுவடிகளும் எரிந்தன. வருடம் தவறாமல் அதற்கு விளக்கேற்றி அழுகிறோம், அழவேண்டும். அன்று எரிந்தது எழுதிய ஓலை, வைத்தவன் வெளியிலிருந்து வந்தான். இன்று எரிவது எழுதாத ஓலை. வைக்கிறவன் எங்களோடு பந்தியில் இருந்து பாயாசம் குடிக்கிறான்.

இரண்டு மாதம் கழித்து அந்த வளவில் ஒரு பலகை நட்டார்கள். "துப்புரவான காணி. குடியிருப்புக்கு உகந்தது. விற்பனைக்கு." கீழே தரகரின் கைபேசி இலக்கம் கொட்டை எழுத்தில் இருக்கிறது. விசமிகளைத் தேடிக்கொண்டிருப்பவர்கள் அழைத்துப் பார்க்கலாம்.