மெய்யான இறுதி

தலவாக்கலை சென் கூம்ஸில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் தன் வீ.பீ. (தண்டு வெட்டி நட்டுப் பெருக்கும்) தேயிலைக்கு டீ.ஆர்.ஐ. 2023, 2025, 2026 என்று இலக்கம் போட்டு வைத்திருக்கிறது. இலக்கத்தைச் சொன்னால் இனம் தெரிந்துவிடும். அதே ஊரில் நாலு பொடியன்கள் சேர்ந்து புரோகிராம் எழுதினால் கோப்புகளின் பெயர்: 'இறுதி', 'புது இறுதி', 'மெய்யான இறுதி', 'இதைத் தொடாதே'. எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் போய்வரும்.

இந்தத் தலையிடிக்கு 2005இலேயே லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் மருந்து செய்துவிட்டார். லினக்ஸ்காரர்கள் மாற்றங்களைப் பதியப் பாவித்த பிட்கீப்பர் மென்பொருளுக்கு இலவச அனுமதி நின்றுபோக, தானே உட்கார்ந்து எழுதியதுதான் கிட். யார், எப்போது, எதை மாற்றினார் என்பதை அது பதிந்துகொள்ளும். ஏன் மாற்றினோம் என்பதை மட்டும் நாம் எழுதவேண்டும். நம்மவர் எழுதுவது: "சும்மா மாத்தினது". அடுத்தது: "திரும்பவும்".

இரண்டு பேர் ஒரே வரியில் கைவைத்தால் கிட் இரண்டையும் அம்புக்குறி போட்டுக் காட்டி, பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று ஒதுங்கிவிடும். பேசுவதாவது! ஒருவர் தன்னுடையதையே மேலே திணிக்கும் 'ஃபோர்ஸ் புஷ்' அடிப்பார். மற்றவர் ராத்திரி முழித்துச் செய்த வேலை பொதுக் களஞ்சியமான ரிப்போசிட்டரியில் இருக்காது. அதற்குப் பிறகு தொடங்கும் விசாரணைக்குக் குறைவே இல்லை.

தம்பிமாரே, வேலை தொடங்குமுன் ஒருதரம் 'புல்' பண்ணி மற்றவர்களின் மாற்றங்களை எடுத்துக்கொள்ளுங்கள், அவரவர் தனிக் கிளையில் எழுதுங்கள். செய்ததைப் பதிய, அதாவது கொமிட் பண்ண, சிக்னல்கூடத் தேவையில்லை.