மண்டபத்திணை: சிற்றூர் அரிமாக்களின் ஓராண்டு வாழ்வு குறித்த கள ஆய்வு

கிர் வட்டாரத்துக்கு வெளியே இந்தியாவில் சிங்கம் வாழ்வதில்லை என்று விலங்கியல் நூல்கள் சொல்லிவருகின்றன. எழுதியவர்கள் எங்கள் ஊர்ப் பக்கம் வந்ததில்லை. இங்கே முப்பத்தெட்டு உண்டு. மூன்று அரிசி மண்டி வைத்திருக்கின்றன. ஒன்று பல் பிடுங்குகிறது. இரண்டு காப்பீட்டு முகவர்கள். அழைப்பிதழில் இவ்வினத்துக்கு 'அரிமா' என்று பெயர், நேரில் 'லயன்'. நாற்பது வருஷமாக "என்ன மாப்ளே" என்று கூப்பிட்டுக்கொண்ட இரண்டு பேர், லயன்ஸ் சங்கத்தில் சேர்ந்த மறுவாரமே "வாங்க லயன்", "சொல்லுங்க லயன்" என்று பேசிக்கொண்டதைக் கேட்ட நாளில் தொடங்கியது இந்த ஆய்வு.

தொல்காப்பியர் காலத்தில் குளிரூட்டிய கல்யாண மண்டபம் இல்லை. ஆகவே விடுபட்டுப்போன ஒரு திணையை 'மண்டபத்திணை' என்று இங்கே சேர்க்கிறோம். முதல், கரு, உரி மூன்றும் இதற்குக் குறைவில்லை.

முதலில் பொழுது. பெரும்பொழுது ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடிகிறது. லயன்ஸ் இயக்கத்தை 1917இல் சிகாகோவில் தொடங்கிய மெல்வின் ஜோன்ஸ் ஒரு காப்பீட்டு முகவர் (மேலே இரண்டு முகவர்கள் தென்பட்டது தற்செயல் அன்று என்க). அவருக்கு ஆடி மாதத்தைப் பற்றித் தெரிந்திருக்க நியாயமில்லை. இருந்தும் கல்யாணம் நடக்காத, மண்டபம் காலியாகக் கிடக்கிற, வாடகை பேரம் படிகிற மாதத்தில்தான் பதவியேற்பு விழா வந்து விழுகிறது. சிறுபொழுது மாலை 6.30 என்பது அழைப்பிதழ்ப் பாடம். 8 மணி என்பதே வழக்கு.

கருப்பொருளில் தெய்வம், மாவட்ட ஆளுநர். ஆண்டுக்கொரு முறை எழுந்தருள்வார். வட்டாரத் தலைவர், மண்டலத் தலைவர் முதலான பரிவார தேவதைகளை வரிசை தவறாமல் விளிக்க வேண்டும். தவறினால் அடுத்த ஜூலை வரை முகம் கொடுக்க மாட்டார்கள். பறை, மேசை மேலிருக்கும் மணியும் அதைத் தட்டும் சிறு சுத்தியலும். உணவு, பதவியேற்பன்று பன்னீர் பட்டர் மசாலா. நவம்பரில் சர்க்கரை நோய் முகாமன்று கேசரி. மரம், அரசுப் பள்ளி வளாகத்தில் ஜூலைதோறும் நடப்படும் கன்று. கன்று ஆண்டுதோறும் மாறும். குழி மாறாது.

பதவிகளில் இரண்டு தனிக் கவனத்துக்குரியவை. கொடி, மணி, சுத்தியல் ஆகிய சொத்துகளைக் காப்பவர் 'லயன் டேமர்'. கூட்டத்தில் யாருக்கு வேண்டுமானாலும் அபராதம் போடுகிறவர் 'டெயில் ட்விஸ்டர்', அதாவது வாலை முறுக்குபவர். கேட்பவர்கள் நான் கட்டிவிட்டதாக நினைக்கிறார்கள். இரண்டுமே சங்க விதியில் உள்ள பதவிகள். வால் முறுக்குபவரின் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. அவருக்கே அபராதம் போட வேண்டுமானால் வந்திருக்கும் உறுப்பினர் அத்தனை பேரும் ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும். எங்கள் ஊரில் அந்தப் பதவியில் இருப்பவர் அரிசி மண்டிக்காரர். பாதிப் பேர் அவரிடம் பாக்கி வைத்திருப்பதால் ஒருமனம் இதுவரை கூடவில்லை.

இனி உரிப்பொருள். இத்திணைக்கு உரியது பொன்னாடை போர்த்தலும் போர்த்தல் நிமித்தமும் ஆகும். சேவை உரிப்பொருள் ஆகாதோ எனின், ஆகாது. அது நிமித்தத்துள் அடங்கும்.

ஒரே பொன்னாடைதான் ஊரைச் சுற்றிவருகிறது என்ற ஐயம் நெடுநாளாக உண்டு. அதைத் தீர்க்க, பறவைக் காலில் வளையம் மாட்டுவார்களே, அந்த முறையைக் கையாண்டேன். பதவியேற்பு விழாவில் புதுத் தலைவர் தோளில் விழுந்த பச்சைப் பொன்னாடையின் ஓரத்தில், வாழ்த்துச் சொல்லக் கட்டிப்பிடித்த சாக்கில், நீல மையால் ஒரு புள்ளி வைத்தேன். ஆகஸ்ட் 15 அன்று அது பள்ளியில் கொடியேற்ற வந்த வட்டாரத் தலைவர் மேல் இருந்தது. செப்டம்பர் 5இல் ஒரு தலைமையாசிரியர் மேல். அவர் வீட்டிலிருந்து எந்த வழியாகத் திரும்பியது என்பது இன்னும் துலங்கவில்லை. அவருடைய மைத்துனர் சங்கச் செயலாளர் என்பது மட்டும் ஒரு தடயம்.

பொன்னாடைக்குப் பதில் 'பயனாடை' போடலாம் என்று துண்டு கொடுக்கும் ஒரு பிரிவினர் உண்டு. அக்கொள்கை நிற்காது. துண்டை வாங்கியவர் தலை துவட்டிவிடுகிறார். பிறகு அது எப்படிச் சுற்றும்?

அக்டோபரில் கண் சிகிச்சை முகாம். இங்கே ஆய்வு கொஞ்சம் தடம் புரண்டது. 1925இல் ஒஹையோவில் நடந்த மாநாட்டில் ஹெலன் கெல்லர் வந்து, பார்வையற்றோருக்காகப் போராடும் வீரர்களாக இருங்கள் என்று இந்த இயக்கத்தாரிடம் கேட்டார். அன்று பிடித்த வேலையை இன்னும் விடவில்லை. மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை வளர்ந்ததில் இப்படிப்பட்ட ஊர்ச் சங்கங்களுக்கும் பங்குண்டு. வேலைப் பிரிவினை எளிது: இடம், சுவரொட்டி, ஆட்டோவில் மைக், சாப்பாடு எல்லாம் சங்கத்தின் பாடு, மருத்துவரும் கருவியும் மருத்துவமனையிலிருந்து வரும். கண்புரை முற்றியவர்களை அன்று மாலையே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய், இலவசமாக லென்ஸ் வைத்து, இரண்டு மூன்று நாளில் ஊரில் கொண்டுவந்து விடுகிறார்கள்.

முகாமன்று காலை ஆறு மணிக்கே முப்பத்தெட்டில் இருபது பேர் பள்ளியில் இருந்தார்கள். மண்டிக்காரர் சாம்பார் வாளியோடு வியர்த்துக்கொண்டிருந்தார். "லயன்" என்று யாரும் யாரையும் கூப்பிடவில்லை. "டேய், அந்த ஆத்தாளைப் பிடிச்சு உக்கார வைடா" என்றுதான் கேட்டது. கண்ணைச் சோதிக்க ஒரு வகுப்பறையை இருட்டாக்க வேண்டியிருந்தது. ஜன்னல் கதவு இல்லை. யாரோ ஓடிப்போய்ச் சங்க அலமாரியிலிருந்து கிடைத்ததையெல்லாம் அள்ளிவந்து ஆணியில் மாட்டினார்கள். நடு ஜன்னலில் பச்சைப் பொன்னாடை, ஓரத்தில் நீலப் புள்ளி. அந்தத் துணிக்கு அந்த ஆண்டில் அதைவிட நல்ல தோள் கிடைக்கவில்லை என்பது என் கருத்து. ஆனால் அரிசிக்கும் ஆட்டோவுக்கும் பணம் கொடுத்தவர் தலைவர்; தலைவராக அவரை வரவழைத்தது ஜூலையில் விழுந்த அதே பொன்னாடை. இதை ஆராயப் புகுந்தால் முட்டையா கோழியா என்று போய் நிற்கும் என்பதால் விடுகிறேன்.

மற்ற மாதங்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். நவம்பரில் மழை, சர்க்கரை நோய் முகாமோடு சரி, வேறு கூட்டம் இல்லை. டிசம்பரில் போர்வை வழங்கல். ஜனவரியில் ஆளுநர் வருகை. புள்ளி வைத்த பொன்னாடை இஸ்திரி போடப்பட்டு அவர் தோளில் விழுந்தது, அவர் காரில் ஏறுமுன் ஓட்டுநர் வழியாக இறங்கிவிட்டது. பிப்ரவரியில் ஒரு தையல் இயந்திரம் வழங்கப்பட்டது. பத்திரிகைப் படத்தில் அதன் மேல் பதினான்கு கைகளை எண்ணினேன். பெற்றுக்கொண்ட பெண்ணின் கை அவற்றில் இல்லை. மார்ச்சில் சந்தா நெருக்கடி: உறுப்பினர் எண்ணிக்கை குறைந்தால் மாவட்டத்தில் மதிப்புக் குறையும் என்பதால், கூட்டத்துக்கே வராத நான்கு பேருக்கும் தலைவர் தன் கையிலிருந்து கட்டினார். இவ்வகையைக் காகிதச் சிங்கம் என்பர்.

மே மாதம் நீர்மோர்ப் பந்தல். சட்டமன்ற உறுப்பினர் வருவதாக இருந்து வரவில்லை. ஏற்பாடு வீணாகக் கூடாதென்று, மோர் குடிக்க நின்றிருந்த என்னைக் கூப்பிட்டுப் போர்த்திவிட்டார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தேன், ஓரத்தில் நீலப் புள்ளி. என் மனைவி, "இன்னொண்ணா? பீரோவுல இடமில்லங்க" என்றாள்.

பொன்னாடை துவைத்து மடித்து வைக்கப்பட்டுள்ளது. ஜூலை பிறப்பதற்குள் செயலாளர் வந்து வாங்கிக்கொள்ளலாம்.