கிழ யந்திரத்துக்கு யௌவன லேகியம்

2014-ஆம் ஆண்டில் அவதரித்து, 1020 மெகாஹெர்ட்ஸ் வேகமும் 60 வாட் மின்சாரமும் போதுமென்று சந்துஷ்டியாக வாழ்ந்துவரும் ஜிடிஎக்ஸ் 750 டிஐ என்னும் கிராபிக்ஸ் கார்டை, அதன் விசிறியில் படிந்த தூசியைத் துடைக்கவும் மனமில்லாத எஜமானர், இன்னுமொரு 100 மெகாஹெர்ட்ஸ் கூடுதலாக ஓடும்படி ஆக்ஞாபிக்கிறார். அதற்காக மின்னழுத்தத்தை ஏற்றினால் உஷ்ணம் அதன் வர்க்கத்தை அனுசரித்துப் பெருகும் என்னும் பௌதிக சாஸ்திரம் அவருக்கு ஒரு பொருட்டல்ல. விநாடிக்கு 30 பிரேம் காட்டிய விளையாட்டு, சகல தேவதைகளின் அனுக்கிரகமும் இருந்தால், 33 காட்டும். அந்த மூன்றைக் கண்ணால் கண்டவர் எவருமிலர், திரை மூலையில் ஒளிரும் எண்ணைப் பார்த்தே பரமானந்தம் அடைகிறார்கள். பக்கத்திலேயே பழைய கோர் 2 டுவோ பிராசஸர் மூச்சுத் திணறிக்கொண்டிருக்க, கார்டை மட்டும் விரட்டுவதில் பிரயோஜனம் சொற்பமே. கனவான்களே, வேகத்தை ஏற்றுமுன் நாலு ஸ்க்ரூவைக் கழற்றி, காய்ந்து கட்டியாகிப்போன தெர்மல் பேஸ்டையாவது மாற்றுங்கள்.