வீடு தேடி வரும் சாலை

மழைக்கு நாலு நாள் முன்பு சாலை போடுவது நம் ஊர் மரபு. அந்தத் தார் தரையில் ஒட்டாமல் காரின் கதவடியில் கரும்புள்ளியாக ஒட்டிக்கொள்வதைக் குறை சொல்பவர்கள் நன்றி கெட்டவர்கள். வரி கட்டியவர் வாசலுக்கே சாலையைக் கொண்டுவந்து சேர்க்கும் திட்டம் வேறெங்கே உண்டு?

விவரம் புரியாதவர்கள் இந்தக் கறையைப் போக்க மண்ணெண்ணெய் தேடுகிறார்கள். தாரும் மண்ணெண்ணெயும் பெட்ரோலியப் பங்காளிகள். தொட்டதும் தார் கரையும். கூடவே பெயின்ட் மேலிருக்கும் மெழுகுப் பூச்சையும் கூட்டிக்கொண்டு போகும். தேங்காய் எண்ணெய் தடவிக் கொஞ்சம் ஊறவிட்டு, மெல்லிய துணியால் துடைத்து, சோப்புத் தண்ணீரில் அலசினால் போதும். வெயிலில் சுடும் காரில் மட்டும் வேண்டாம். பிளேடால் சுரண்டவும் கூடாது. பெயின்டில் கீறல் விழும்; தவிர, சுரண்டும் பணிக்கு ஏற்கெனவே டெண்டர் விட்டாயிற்று.

இப்போது முதல் மழை முடிந்தது. சாலையில் ஜல்லி மட்டும் மிச்சம். தார் போட்டதற்கான ஒரே ஆதாரம், நம் வண்டிகளின் பக்கவாட்டில் பத்திரமாக இருக்கிறது. எனவே பில் பாஸாகும்வரை யாரும் காரைக் கழுவ வேண்டாம். தரம் பார்க்க வரும் அதிகாரி எதைத்தான் அளப்பார், பாவம்!